ஆடாதோடைக்குப் பத்தியம்

புதுப்பட்டினத்தில் அம்சா வீட்டுப் பின்புறத்தைப் பார்த்தால் அது தோட்டம் என்றே உங்களுக்குத் தோன்றாது, கண்ணுகளா. உப்புக்காற்று படாமலிருக்க வேலியில் பழைய புடவைகளைக் கட்டியிருந்தாள். அதற்குள்ளே ஆடாதோடை, தூதுவளை, உடைந்த பக்கெட்டில் கற்பூரவல்லி. அவள் புருஷன் வெங்கடேசன் ஆட்டோ ஓட்டுகிறவர். தொண்ணூற்றேழு ஆடியில் அவருக்கு இருமல் பிடித்த பிறகு வந்த செடிகள்தான் இத்தனையும்.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உள்ளே அவர் இருமினால் இவள் வெளியே போய் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். மறுபடி இருமினால் அதே செடிக்கு மறுபடி ஊற்றுவாள்.

ஆடாதோடைக் கஷாயம் ஒரு மண்டலம் குடிக்க வேண்டும். மீன், கருவாடு, கத்திரிக்காய் கூடாது. பத்தியம் முறிந்தால் மருந்து வேலை செய்யாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவள் பிறந்த மதுராந்தகம் பக்கத்தில் எல்லோரும் நம்புவது இது.

மண்டலம் முடிந்தது. இருமல் போகவில்லை.

"யோவ், உண்மையச் சொல்லு. இன்னா துன்ன?"

அவர் தலையைச் சொறிந்தார். "மார்க்கெட்டுல ஜெசிந்தா வறுவல் கடையில ஒரு துண்டு வஞ்சிரம். வாசனை இட்டுகினு பூட்ச்சு மே."

"நாக்க அறுத்துப் போட்டாத்தான் நீ அடங்குவ."

திட்டினாளே தவிர, அன்று அவளுக்குச் சோறு இறங்கியது. மருந்தின் மேல் குற்றமில்லை அல்லவா? இன்னும் நாலு ஆடாதோடைக் குச்சி நட்டு, மறுபடி தொடங்கினாள். அந்த மண்டலமும் முடிந்தது. இந்த முறை நெத்திலி வறுவல் தின்றேன் என்றார்.

கார்த்திகையில் அவர் சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. மூன்றாம் தடவைக்கு இலை பறிக்கப் போனவள், பாதியில் விட்டுவிட்டு மார்க்கெட்டுக்கு நடந்தாள். ஜெசிந்தா வறுவல் சட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, அந்த ஆளுக்கு இனிமே மீன் குடுத்தேன்னா உன் சட்டியக் கவுத்துடுவேன்."

"யாரு, உம் புருஷனா? நீ வேற. எல்லாரும் இங்க துன்னுகினு இருப்பாங்க, அது மட்டும் ஆட்டோவுல குந்திகினு மோர்சோறு துன்னும். சும்மா குடுத்தாக்கூட வாணாம்னுது. நீதான் இன்னாவோ மந்திரம் போட்டுகிறேன்னு நாங்க பேசிகினு கீறோம்."

அம்சா சிரிக்கவில்லை. வந்த வழியே திரும்பினாள். பாதி வழியில் செருப்பு ஒன்று கழன்றது கூட வீட்டு வாசலில்தான் தெரிந்தது.

"நீ மீனே துன்னல."

வெங்கடேசன் பதில் சொல்ல இருமல் விடவில்லை. அடங்கியதும் மெதுவாகச் சொன்னார்: "நான் துன்னேன்னு வெச்சிக்கோ, கோளாறு எம்மேல. துன்னலன்னா, அப்பால இன்னா கீதுன்னு பாக்கணும் இல்ல? எங்க நைனாவும் இப்டித்தான் இருமிகினே போச்சு."

"நீ துன்னேன்னு சொல்றப்பல்லாம் எனக்கு உள்ளாற நிம்மதியாத்தான்யா இருந்துச்சு," என்றாள் அவள். "நானும் பயந்தவதான். நாளைக்கு முத பஸ்ஸுக்குப் போலாம்."

"ஆஸ்பத்திரிக்கா?"

"பின்ன, சினிமாவுக்கா?"

செங்கல்பட்டில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே நீண்ட வரிசை. அவளால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. தண்ணீர் ஊற்ற அங்கே ஒரு செடியும் இல்லை. வெங்கடேசனைக் கூப்பிட்டார்கள், கதவைச் சாத்தினார்கள். நீங்கள் கலங்காதீர்கள், நெஞ்சில் காசநோய்தான் என்று கண்டுபிடித்தார்கள், மாசக்கணக்கில் மாத்திரை தின்று ஆள் தேறிவிட்டார். ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே நின்றவளுக்கு அது தெரியாதே.

"மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க," என்று உள்ளே ஒரு குரல் சொன்னது.

வெளியே நின்ற அம்சாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விடச் சொல்லும் குரல் எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.