ஒரு கரண்டி கோதுமை

கல்லறைத் தோட்டத்து மண்டப வாசலில் தனிட்சா கோதுமைக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வேகவைத்துச் சர்க்கரை கலந்த கோதுமை. வந்தவர்கள் சிலுவைக் குறி போட்டு, ஒரு கரண்டி அள்ளிக்கொண்டு, "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லி வாயில் போட்டார்கள். செர்பியாவில் யார் செத்தாலும் சொல்கிற சொல்தான். அதற்கு யாரும் அர்த்தம் பார்ப்பதில்லை.

உள்ளே பெட்டியில் அவள் அப்பா மிலோராத் கிடந்தார்.

தம்பி ஓக்னென் பக்கத்தில் வந்து குனிந்தான். "அக்கா, டீன் வர்றாரு. எதையாவது பேசி வைக்காத. அவர் கீழதான் நான் வேலை பாக்கறேன்."

  ஓக்னென் வேலை பார்க்கும் அதே பொறியியல் கல்லூரியில்தான் அப்பா ஆயுள் முழுக்கப் பாலம் கட்டச் சொல்லிக்கொடுத்தவர். போன வருஷம் ஒரு பெரிய ஒப்பந்தக்காரரின் மகன் காதுக்குள் பொத்தான் அளவு கருவியைச் செருகிக்கொண்டு, வெளியே இருந்தவன் விடைகளைப் படிக்கப் படிக்கக் கேட்டுப் பரீட்சை எழுதினான். அப்பா கையும் களவுமாகப் பிடித்தார். டீன் ஸ்டோயிச் விசாரணைக் குழு போட்டார். பையன் பாஸ். மாணவர்களை வதைக்கிறார் என்று சொல்லி அப்பாவைப் பரீட்சை வேலையிலிருந்தே நீக்கினார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது சும்மாவா?

அதற்குப் பிறகு அவர் சமையலறை நாற்காலியை விட்டு எழுந்ததே குறைவு. "அவன் கட்டற பாலத்துல ஜனங்க போவாங்களேம்மா" என்பார். அந்த நாற்காலியிலேயே நேற்று முன்தினம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

டீன் கறுப்புக் கோட்டில் வந்து நின்றார். "பெரிய மனுஷன்மா உங்கப்பா. எங்க கல்லூரிக்கே தூண் மாதிரி" என்றபடி கரண்டியை எடுத்தார். "கடவுள் அவரை மன்னிக்கட்டும்."

தனிட்சா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எதுக்கு?"

"என்னம்மா?"

"எதுக்கு மன்னிக்கணும்? எங்கப்பா என்ன தப்பு பண்ணாரு? அதைச் சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

வரிசை அப்படியே நின்றது. டீன் வெறும் கரண்டியோடு ஓக்னெனைப் பார்த்தார்.

ஓக்னென் உதட்டை நனைத்துக்கொண்டான். "அக்கா, அது வழக்கத்துக்குச் சொல்றதுதானே..."

"நீ சொல்லிக் குடுக்காத. அவரே பதில் சொல்லட்டும்."

டீனின் கழுத்து சிவந்தது. கரண்டியைப் பக்கத்திலிருந்த மேஜையில் வைத்துவிட்டு, மண்டபத்துக்குள் போகாமல் தோட்டத்தின் வெளி கேட்டைப் பார்த்து நடந்தார். வரிசையிலிருந்த இரண்டு பேராசிரியர்களும் அவர் பின்னால் நழுவினார்கள்.

அடுத்து நின்றவள் நடுவயதுப் பெண். "நான் அவர்கிட்டப் படிச்சவ. மூணு தடவ என்னை ஃபெயிலாக்கினாரு" என்றாள். டீன் வைத்துவிட்டுப் போன கரண்டியையே எடுத்தாள். "இப்ப பாலம் கட்டறேன்." அள்ளிய கோதுமையை எதுவும் சொல்லாமல் மென்றாள்.



டீனின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஓக்னென் அந்தப் பக்கமே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அக்காவிடம் வந்தான்.

"குடு. ரொம்ப நேரமா வெச்சிருக்க" என்று கிண்ணத்தை வாங்கி, அடுத்தவர் முன்னால் நீட்டினான்.