கடைசி வரியில் ஒரு கேள்வி

பூட்டுக் கம்பெனியில் மெயில் எழுதுகிறவள் ஒரு சரியான பயந்தாங்கொள்ளி. கரண்ட் போனால் பயம், காலிங் பெல் அடித்தால் பயம், லிஃப்டில் தெரியாத ஆள் ஏறினால் பயம். "இவ குரல் குழாய்த் தண்ணி சத்தத்தையே தாண்டாது, திருடன் வந்தா எங்க கத்தப் போறா" என்று அண்ணன் கேலி செய்வான். ஆனால் அந்தப் பயம்தான் அவளுக்குச் சோறு போட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எந்த இருட்டைக் காட்டினால் அடுத்தவர் மிரளுவார் என்பதும் அரண்டவளுக்குத்தான் தெரியும்.

அவள் வருவதற்கு முன்னால் கம்பெனி அனுப்பிய மெயில்களை நாய்கூடச் சீண்டவில்லை. 'அதிரடித் தள்ளுபடி' என்று தலைப்புப் போட்டால் யார் திறப்பார்கள்? இவள் வந்து, 'கிளம்பும்போது கதவை இழுத்துப் பார்த்தீர்களா?' என்று ஒரு தலைப்பு வைத்தாள். பாதி ஊர் திறந்து பார்த்தது. கீழே 'உங்கள் பூட்டு அக்கா' என்று கையெழுத்து. வீட்டில் அவள் கடைக்குட்டி, அக்கா என்று கூப்பிட ஒரு ஜீவன் கிடையாது. அந்தக் குறையையும் சேர்த்துத் தீர்த்துக்கொண்டாள்.

திறக்க வைப்பது ஒரு கலை என்றால் பதில் எழுத வைப்பது அதற்கும் மேல். அவளுடைய வழி ஒன்றுதான். கடைசி வரியில் ஒரு கேள்வி இருக்க வேண்டும், அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடிய வேண்டும். 'உங்கள் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா?' இவ்வளவுதான். ஜனங்கள் கொட்டித் தீர்த்தார்கள். ஒரு அம்மாள் மழைக்காலத்தில் கதவு இறுக்கிக்கொள்வதில் ஆரம்பித்து, மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதில் முடித்தார். எல்லாருக்கும் அக்கா பதில் எழுதினாள். மேனேஜர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

பதில் போட்டவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்று இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தாள். யாராவது எழுதினால், 'உங்கள் பதில் அக்கா கைக்கு வந்துவிட்டது' என்று அந்த நிமிஷமே ஒரு மெயில் தானாகப் போகும். அடியில் அவர்கள் எழுதியதும் அப்படியே இருக்கும். அவர்கள் எந்த முகவரியிலிருந்து எழுதினாலும் சரி, ஆர்டர் நம்பர் இருந்தால், பூட்டு வாங்கும்போது பதிவான மெயில் முகவரிக்குத்தான் அது போகும். அப்போது அது அவளுக்குப் பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

போன வாரம் அவளுக்கு இன்னொரு யோசனை பிறந்தது. தலைப்பிலேயே வாங்கியவரின் தெருப் பெயரைச் சேர்த்தால்? 'நூலகத் தெரு வீட்டுக் கதவு இப்போது ஒழுங்காகச் சாத்துகிறதா?' தன் தெருப் பெயரைப் பார்த்துவிட்டுத் திறக்காமல் யார் இருப்பார்கள்? அனுப்பினாள். பதில்கள் வந்து குவிந்தன. அதில் ஒன்று, நூலகத் தெருவில் புதிதாகப் பூட்டு மாட்டிய ஒரு பெண்ணின் முகவரியிலிருந்து வந்தது.

'அக்கா, கதவு நல்லா சாத்துது. ஆனா உங்க ஆளு பில்லில் வீட்டு நம்பரைத் தப்பா போட்டுட்டாரோன்னு சந்தேகமா இருக்கு. உங்ககிட்ட என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்றீங்களா?'

பார்த்துச் சொன்னாள். கட்டடத்தின் எண், மூன்றாவது மாடி, படி ஏறியதும் இடப்பக்கக் கதவு. சரிதானே, என்று வழக்கம்போல ஒரு கேள்வியோடு முடித்தாள். 'ரொம்ப சரி அக்கா, பெரிய உதவி பண்ணீங்க' என்று உடனே பதில் வந்தது. அதை மேனேஜரிடம் காட்டிச் சிரித்தாள்.

மறுநாள் மதியம், சாப்பிட்ட டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது இன்னொரு மெயில் இருந்தது. அதே ஆர்டர் நம்பர். முகவரி மட்டும் புதிது.

'அக்கா, பில்லில இருந்த முகவரியைப் பார்த்து எழுதறேன். தயவுசெய்து என் பழைய முகவரிக்கு எதுவும் அனுப்பாதீங்க. பூட்டு வாங்கும்போது அவசரத்துல அதைக் குடுத்துட்டேன். அது இப்ப என் கையில இல்லை, என் வீட்டுக்காரர் கையில இருக்கு. நாங்க எங்க இருக்கோம்னு அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா என்ன நடக்கும்னு எழுதக்கூட எனக்குத் தைரியம் இல்லை.'

நேற்றைய பதிலைத் திறந்து மறுபடி படித்தாள். தன் வீட்டு நம்பரை யாராவது அடுத்தவரிடம் கேட்பார்களா? அவன் கேட்ட மாத்திரத்தில் தாம்பாளத்தில் வைத்து நீட்டியிருக்கிறாள் இந்த அக்கா. அதோடு முடிந்ததா? இந்த மெயில் வந்த நிமிஷமே அதன் நகலும் அந்தப் பழைய முகவரிக்குப் போயிருக்கும். பயந்து ஓடியவள் ரகசியமாக எழுதியதை இவளுடைய கெட்டிக்காரத்தனம் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்துவிட்டது.

ஆர்டரில் இருந்த போன் நம்பருக்கு அடித்தாள். எடுக்கவில்லை. தெரியாத நம்பரை ஒளிந்திருப்பவள் எப்படி எடுப்பாள்? மேனேஜரிடம் ஓடினாள்.

"சார், அந்தத் தானாப் போற மெயிலை இப்பவே நிறுத்தணும் சார்."

"சிஸ்டம் பையன் லீவு. நாளைக்குப் பார்க்கலாம்."

"சார், ஒருத்திக்கு உயிர்ப் பிரச்சினை."

அவர் முழுவதும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் வேறு கணக்குப் போட்டது. "நம்ம பக்கம் தப்புன்னு எழுத்துல எங்கயும் குடுத்துடாதம்மா. புருஷன் பொண்டாட்டி சண்டை, நாளைக்கே சேர்ந்துப்பாங்க. நீ போய் உட்காரு."

அவள் போய் உட்கார்ந்தாள். அந்தப் புது முகவரிக்கு எழுதினாள். 'உங்கள் வீட்டு முகவரியை நான் தெரியாமல் அவருக்குச் சொல்லிவிட்டேன். என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, உடனே கிளம்பிவிடுங்கள். பின்பக்கம் படி இருக்கிறதல்லவா, அது வழியாகப் போங்கள்.' பூட்டு மாட்டப் போனவர், பின்படிக் கதவுக்கும் ஒரு தாழ்ப்பாள் கேட்டார்கள் என்று ஆர்டரில் குறித்திருந்தது நல்லதாகப் போயிற்று. அனுப்பிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தான் எங்கே போகிறோம் என்று ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

நூலகத் தெருவில் அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் இல்லை. மூன்றாவது மாடிப் படி முடிகிற இடத்தில் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று, அதன் வழியே தெருமுனையும் பஸ் நிறுத்தமும் தெரிந்தன. இடப்பக்கக் கதவில் அவர்கள் கம்பெனிப் பூட்டு பளபளத்தது. வாசலில் ஒரு ஜோடி குழந்தைச் செருப்பு, மஞ்சள் நிறம். கதவைத் தட்டினாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த குழாய் சட்டென்று நின்றது.

"நான்தாங்க, பூட்டு அக்கா" என்றாள் கதவோடு வாயை வைத்து. "திறக்க வேண்டாம். மெயிலைப் பாருங்க. கிளம்புங்க."

வாசலில் நின்று யாரோ சொல்வதை நம்ப உள்ளே இருப்பவளுக்கு என்ன தலையெழுத்து? அப்போது கீழேயிருந்து செருப்புச் சத்தம் ஏறி வந்தது. அவசரமே இல்லாத நடை.

வந்தவன் சலவைச் சட்டை போட்டிருந்தான். கையில் பொம்மைப் பெட்டி ஒன்று. மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். மெயிலில் எழுதியவன் இவன்தான் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது உங்க வீடா சிஸ்டர்?"

"ஆமா" என்றாள். பிறகு, உள்ளே இருப்பவள் காதில் விழ வேண்டுமே என்று, தன்னால் முடிந்த மட்டும் சத்தமாகச் சொன்னாள். "ஆமாங்க, என் வீடுதான். யாரு வேணும் உங்களுக்கு?"

அவன் போனை எடுத்துப் படித்துக் காட்டினான். "மூன்றாவது மாடி, படி ஏறியதும் இடப்பக்கக் கதவு. சரிதானே?" அவள் எழுதிய வரிகள், அவள் வைத்த கேள்விக்குறி உட்பட.

"அந்தக் கம்பெனி மெயிலா? அது ஒரே குளறுபடிங்க. எனக்கும் யார் யாருக்கோ வர வேண்டியது வருது."

"அப்படியா? நீங்க ஏன் வெளிய நிக்கிறீங்க?"

"சாவியை உள்ள வெச்சுப் பூட்டிட்டேன். ஆள் வருது."

"சரி, நானும் இருக்கேன்" என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்தான். அவள் இறங்கிப் போக வழியில்லை. பெட்டியை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டே பேசினான். "கோவத்துல கிளம்பிட்டா சிஸ்டர். பிள்ளையையும் தூக்கிட்டுப் போயிட்டா. நான் ஒண்ணும் பண்ணலை. கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்." பேச்சில் சர்க்கரை ஒழுகியது. இப்படிப் பேசுகிறவனிடமிருந்தா ஒருத்தி ராவோடு ராவாக ஓடியிருப்பாள் என்று யாருக்கும் தோன்றும். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

பேசிக்கொண்டிருந்தவன் வாசலைப் பார்த்தான். "உங்க பிள்ளை செருப்பா?"

"ஆமா."

"நான்தான் இதை வாங்கினேன்."

சிரிப்பு மாறவே இல்லை. எழுந்து அவளை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுக் கதவில் குத்தினான். குத்தக் குத்த நிலை அதிர்ந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. கத்த வேண்டும் என்று அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அவள் கையிலிருந்த போன் சிணுங்கியது. ஆபீஸ் மெயில். 'அக்கா, பின்படி வழியா இறங்கிட்டோம். நீங்க கேட்டீங்களே, எங்க போவோம்னு? தெருமுனை பஸ் ஸ்டாப்புல நிக்கிறோம். எந்த பஸ் வந்தாலும் ஏறிடுவோம்.'

தப்பித்தார்கள் என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுதாக வெளியே வரவில்லை. நான் எப்போது கேட்டேன்? கேட்டிருந்தாள். அந்தப் பதற்றத்திலும் கை பழக்கத்தை விடவில்லை. 'எங்கே போவீர்கள்?' என்று கடைசி வரியில் ஒரு கேள்வியை எழுதித்தான் அனுப்பியிருந்தாள். ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

அந்தப் பதிலின் நகல் இந்நேரம் எங்கே போய்க்கொண்டிருக்கும்?

அவன் சட்டைப் பை ஒலித்தது.

குத்திய கை நின்றது. ஜன்னலுக்கு வெளியே, தெருமுனையில், ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் வருகிற திசையைப் பார்த்து நின்றாள். ஓடினால் எட்டிப் பிடிக்கிற தூரம். இப்போது கத்தினாலும் அவன் இறங்கித்தான் ஓடுவான். அவன் விரல்கள் பைக்குள் போயின.

ஊரையே மெயிலைத் திறக்க வைத்தவள் அவள். இந்த ஒருவன் ஒரு மெயிலைத் திறக்காமலிருக்க இப்போது அவளுக்கு ஒரு வரி வேண்டும்.

"நான்தான் பூட்டு அக்கா" என்றாள்.

போன் பாதி வெளியே வந்த நிலையில் அவன் திரும்பினான்.

"உனக்கு அட்ரஸ் குடுத்தது நான்தான். அவளை ஓடுன்னு சொன்னதும் நான்தான். எங்க போறான்னு என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிருக்கா."

போன் மறுபடி பைக்குள் விழுந்தது. அவன் கை அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியது. இந்தத் தடவை சிரிப்பு இல்லை. "எங்க?"

"சொல்றேங்க. முதல்லேருந்து சொல்றேன்." வலியில் கண்ணில் நீர் கோத்தது. அவன் மனைவி பூட்டு வாங்க வந்த கதையைச் சொன்னாள். என்ன பூட்டு, எத்தனை சாவி, மாட்டப் போனவர் என்ன சொன்னார் என்று இல்லாததையும் சேர்த்து இழுத்தாள். பிடி இறுகியது. அவன் தோளுக்கு மேலே ஜன்னலையே பார்த்தாள். ஒரு லாரி போயிற்று. இரண்டு சைக்கிள் போயின. அவள் இன்னொரு பொய்யைத் தொடங்கினாள். அப்புறம் பஸ் வந்து தெருமுனையை மறைத்தது. அது நகர்ந்தபோது நிறுத்தத்தில் யாரும் இல்லை.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. எங்க போனா?"

"எனக்குத் தெரியாது" என்றாள். அன்றைக்கு அவனிடம் அவள் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான்.

அவன் கை ஓங்கியது. அப்போதுதான் அவள் கத்தினாள். கீழ்மாடிகளில் ஒவ்வொரு கதவாகத் திறந்து, யாரு, என்ன என்று ஆட்கள் ஓடி வரும்வரை கத்தினாள்.