கங்காவின் கீழ்வரி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. நைரோபியிலிருந்து பேசிய ஒரு பதிப்பாசிரியர், "துணி டிசைன் பிரமாதம். அந்த எழுத்தை மட்டும் எடுத்துடுங்க, குழந்தைங்க புக்தானே" என்றார். எங்கள் மொம்பாசாப் பெண்கள் சுற்றும் கங்காத் துணியில் நாலு பக்கமும் கரை, நடுவில் பூவோ காயோ, அதன் கீழே ஒரு வரி. வாய்விட்டுச் சொல்ல முடியாததை அந்த வரி சொல்லும். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது திரைச்சீலை.

கடற்காற்றில் படபடக்கும் வண்ண வண்ணக் கங்காக்கள்...

(அடித்துவிட்டேன். சுற்றுலா விளம்பரத்துக்கு வேறு ஆள் பாருங்கள்.)

2

கதையில் வரும் ஓவியர் மிஷி. வீட்டில் முதல் பட்டதாரி. (நானும் அப்படித்தான், உறவு அத்தோடு சரி.) படப்புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு கங்காவாகவே வரைந்தாள். எழுத்துக்காகச் சண்டை போட்டாள், ஜெயித்தாள். இங்கேயே முடித்திருப்பேன். அவள் அத்தை விடவில்லை.

3

அச்சுக்குமுன் வந்த மாதிரிப் பிரதியை அத்தை பியாஷா மஹம்ரிப் பணியாரம் தின்றபடி புரட்டினாள். குழாயடியில் ஒருத்தி நிற்கும் பக்கத்தில் கை நின்றது. சிவப்புக் கரை, முந்திரி, கீழே வரி: 'வயிறெரிந்தால் தண்ணீர் குடி.'

"இது நான்தானே?"

"மூக்கை மாத்திட்டேன் அத்தை."

"மூக்கை எவடி பாக்கறா? மேஜுமாவச் சீண்டத்தான இதைக் கட்டிட்டுத் தண்ணிக்குப் போனேன்."

மேஜுமா அடுத்த வீடு. ஒரு வருஷம் பேச்சில்லை. இப்போது ராசி, வெள்ளிக்கிழமை அவள் மகள் கல்யாணத்தில் பிலாவ் அண்டா பியாஷா பொறுப்பு.

"வரியை அழிச்சிடவா?"

"முந்திரியப் பாத்தாலே தெரு மொத்தமும் வரியச் சொல்லும்."

"நீதானே கட்டினே."

"கட்டினேன், சாயங்காலம் கழட்டினேன். புத்தகத்தை எப்படிடி கழட்டறது?"

4

(பியாஷா பயப்படுவது கல்யாணத்துக்காகவா, தோழிக்காகவா? இரண்டு நாள் சந்தேகப்பட்டேன். தோழிக்காகத்தான். அந்த ஒரு வருஷம் அவளோடு சிரிக்க ஆளில்லை.)

முடிவு ஒன்று: மிஷி பக்கத்தைக் கிழிக்கிறாள். பதிப்பாசிரியர் உள்ளுக்குள் சிரிப்பார். எழுத மாட்டேன்.

முடிவு இரண்டு: மேஜுமா பார்த்து, அழுது, கட்டிப்பிடித்து... சினிமாவுக்குப் போங்கள்.

5

மேஜுமா அரிசிக் கணக்குக் கேட்க வந்தாள். பக்கம் விரிந்தே கிடந்தது. நிதானமாக வாசித்தாள்.

"மூக்கு உன்னுது இல்லையே, பியாஷா" என்றாள். போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள், துணி மாற்றிக்கொண்டு. ஓரம்கூட மடித்துத் தைக்காத புதுக் கங்கா. கட்டினால் கீழ்வரி பின்பக்கம்தான் விழும். குழாயடி வழியாகச் சுற்றி வந்திருக்கிறாள்; தெரு வாசித்துவிட்டது. வாசிக்காதது பியாஷாவும் மிஷியும்தான்.

"புத்தகம் அச்சுக்குப் போகலாமா, அத்தை?" மிஷி மேஜுமாவையே கேட்டாள்.

"கேட்டா சொல்லணுமா என்ன" என்று மேஜுமா முதுகைக் காட்டி மெல்லத் திரும்புகிறாள்.

அவள் கங்காவின் வரியை மூன்று விதமாக எழுதி அடித்தேன். மூன்றிலும் என் கோபம்தான் இருந்தது, மேஜுமா இல்லை. நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம். பியாஷா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.