மலையேறிய கடற்கரை

எங்கள் ஊரான ஆன்ஸ் பெலோவின் கடற்கரை ஒரு புதன்கிழமை காலையில், ஓட்டல் விருந்தினர்கள் அதன்மேல் மல்லாந்து படுத்திருந்தபோதே, எழுந்து போய்விட்டது. யாரும் அலறவில்லை. முதுகுக்கடியில் மணல் நழுவ, வெறும் பாறையில் குண்டி இடிபட உட்கார்ந்தவர்கள், இதுவும் கட்டணத்தில் சேர்ந்ததுதானா என்று பணியாளரைக் கேட்டார்கள்.

டொமினிக்கா தீவில் எங்கள் பக்கத்து மணல் கறுப்பு; எரிமலை கொடுத்த நிறம். ரோசோ நகரத்திலிருந்து வந்து ஓட்டல் கட்டிய ஒக்தாவ் கிளாவியேவுக்கு அது பிடிக்கவில்லை. விளம்பரப் படங்களில் கடற்கரை என்றால் வெள்ளை. ஆகவே வேறொரு தீவிலிருந்து கப்பலில் வெள்ளை மணல் தருவித்து, பிணத்துக்கு மாவு அப்புவதுபோல் மேலே அப்பினார். மழை கரைத்தது, மறுபடி அப்பினார். அருவிக்குப் போகும் காட்டுப்பாதையில் பிளாஸ்டிக் கிளிகளைக் கட்டித் தொங்கவிட்டார், நிஜக் கிளிகள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லையாம். சுற்றுலா அமைச்சர் வந்து, அந்தக் கிளிகளுக்கடியில் நின்று இயற்கையைப் பற்றிப் பேசி, இறால் தின்றுவிட்டுப் போனார். ஊர் சிரித்துக்கொண்டிருந்தது. கடற்கரைக்குக் குறுக்கே கிளாவியே கயிறு கட்டியபோதுதான் சிரிப்பு நின்றது.

கயிற்றுக்கு அந்தப் பக்கத்தில்தான் ஹிலாரியன் லாரோந்து தன் படகைக் கரையேற்றுவான். அவன் மனைவி யூதோக்சி அங்கேயே மீன் அறுத்து விற்பாள். மற்ற இடமெல்லாம் படகின் அடியைக் கிழிக்கும் பாறை. ஹிலாரியன் அதிகம் பேசுகிறவனல்ல. கயிற்றை அறுத்தான், படகை ஏற்றினான். விருந்தினர்களின் பார்வைக்கு இடைஞ்சல் செய்ததாகச் சொல்லிக் காவலர்கள் அவனைப் பிடித்துப்போனார்கள். கிளாவியே அந்தப் படகில் மண் நிரப்பிச் செம்பருத்தி நட்டு, பூந்தொட்டி ஆக்கிவிட்டார். அதைப் பார்த்த யூதோக்சி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுநாள்தான் அந்தப் புதன்கிழமை.

கடற்கரை அவசரப்படவில்லை. வெள்ளை மாவை ஓட்டல் வாசலிலேயே உதறிவிட்டு, தேவாலயத்தைச் சுற்றி, ஈரப்பலா மரங்களுக்கிடையே ஏறி, மலைச்சரிவில் யூதோக்சியின் சேம்புத் தோட்டத்தில் போய் வளைந்து படுத்தது. அலையடிக்கிற அளவுக்குக் கடலும் ஒரு துண்டு கூடவே வந்திருந்தது. அதன் மறுமுனை ஆழ்கடலில்தான் இருந்தது. படகும் வந்து சேர்ந்தது, செம்பருத்தி வழியிலேயே கொட்டிப்போயிருந்தது. யூதோக்சி அழிந்த சேம்புக்காகக் கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, மீன் அறுக்கும் பலகையை எடுத்துவந்து போட்டாள்.

மாலைக்குள் கிளாவியே வக்கீலோடு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"இது என் கடற்கரை."

"அப்படியா முதலாளி? கூப்பிட்டுப் பாருங்க, வருதான்னு," என்றாள் யூதோக்சி.

"லாரி வச்சு அள்ளிட்டுப் போவேன்."

"அள்ளுங்க, சேம்பாவது பிழைக்கும். ஆனா என் புருஷன எதுக்குப் பிடிச்சு வச்சிருக்கீங்க? கடற்கரையில படகு ஏத்தினான்னுதானே? எந்தக் கடற்கரையில?"

வக்கீல் தொண்டையைச் செருமினார். "கேக்கிறது நியாயமாத்தான் இருக்கு."

"நீ யாருக்குய்யா வக்கீலு?" என்றார் கிளாவியே.

லாரிகள் வந்து அள்ளின. கீழே போய்க் கொட்டினால் ஒரு பிடி மணல்கூட விழவில்லை. வழக்கு வந்தபோது, குற்றம் நடந்த இடத்தைக் காட்டச் சொன்னார் நீதிபதி. பாறையைக் காட்டினார்கள். ஹிலாரியனை விட்டுவிட்டார். அவன் வந்து, கொல்லையில் கிடந்த கடலைப் பார்த்து நின்றான்.

"இந்தச் சத்தத்துல தூக்கம் வருமா?"

"ஜெயில்ல வந்துச்சாக்கும்," என்றாள் யூதோக்சி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு. அன்று முழுக்க அந்தக் கையை விடவில்லை.

கிளாவியே சோர்ந்துவிடவில்லை. பாறைமேல் 'மறைந்த கடற்கரை' என்று பலகை நட்டு, பார்க்கக் கட்டணம் வைத்தார். கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து வெறும் பாறையைப் படம் பிடித்தார்கள். மேலே மலையில் அலை இரைவது அவர்களுக்குக் கேட்கத்தான் செய்தது. ஆனால் அது வழிகாட்டிப் புத்தகத்தில் இல்லை, ஒருவரும் தலையைத் திருப்பவில்லை.

இப்போது ஏப்ரல் மாத விடியலில் பெரிய கடலாமைகள் முட்டையிட மலைச்சாலை வழியாகவே ஏறுகின்றன. ரோசோ போகும் பேருந்து நின்றுவிடும். சந்தைக்கு நேரமாகிறதென்று உள்ளே முணுமுணுப்பார்கள்.

"புள்ளத்தாச்சி. எறங்கித் தள்ளிவிடுறீங்களா?" என்பார் ஓட்டுநர்.

யாரும் இறங்குவதில்லை. ஆமை வளைவைத் தாண்டும்வரை ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருப்பார்கள்.