பூட்டின் இரண்டு விரல்

பதினாறு வருடம் கால்பந்தில் தடுப்பாட்டக்காரராக இருந்தவருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் பூட்டு. போட்ட கோல் மொத்தம் இரண்டு. அதில் ஒன்று சொந்த வலைக்குள். ஆனால் நடுவர் முகத்தைத் திருப்பும் அரை நொடியில் எதிராளியின் சட்டையை இரண்டு விரலால் இழுத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல வானத்தைப் பார்ப்பதில் அவரை அடிக்க ஆளில்லை.

அதிகம் இழுபட்டவர் சிட்டு என்கிற முன்கள ஆட்டக்காரர். விதியின் குசும்பைப் பாருங்கள், பூட்டின் மகள் காதலித்தது சிட்டுவின் மகனை. எல்லோரும் சரி சொல்லியாயிற்று. சிட்டு மட்டும் "பார்ப்போம்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். இந்த நேரம் பார்த்துத்தான் பழைய வீரர்களின் காட்சிப் போட்டி வந்து சேர்ந்தது.

உடைமாற்றும் அறை வாசல்வரை பூட்டின் மனைவி வந்தாள்.

"ஏங்க, இன்னைக்கு ஒரு நாள் அந்தக் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. அவர் ஒரு கோல் போட்டுட்டுப் போகட்டும். பொண்ணு வாழ்க்கைங்க."

"என் கை நான் சொன்னா கேக்கும்."

"கேட்ட லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே!"

முதல் பாதியில் சிட்டு பந்தோடு வந்தார். தொப்பை முன்னால், பந்து அதற்கும் முன்னால். பூட்டு இரண்டு கையையும் இடுப்புப் பட்டிக்குள் செருகிக்கொண்டு ஒதுங்கி நின்றார். தாண்டிய சிட்டு, எப்போதும் வரும் இழுப்பை எதிர்பார்த்து, பழக்கதோஷத்தில் தானாகவே "ஐயோ" என்று விழுந்தார். நடுவர் யோசிக்கவே இல்லை, பெனால்டி கொடுத்துவிட்டார். அத்தனை வருடம் தப்பித்த மனிதர், செய்யாத குற்றத்துக்கு மாட்டிக்கொண்டார். வயிறெரிந்தது, மகளை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டார். சிட்டு கோல் போட்டார். மனைவி எழுந்து நின்றே கைதட்டினாள்.

இடைவேளையில் சிட்டு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தார்.

"ஏன்யா என் சட்டையப் பிடிக்கல?"

"ஒரு மரியாதைக்கு..."

"மரியாதையா? இவனை விட்டா என்ன ஆகிடப்போகுதுன்னு நினைச்சுட்ட. அவ்வளவு கிழவனாயிட்டேனா நான்? என்மேல பரிதாபப்படுற வீட்ல நான் பொண்ணெடுக்கணுமா?"



இரண்டாம் பாதியில் சிட்டு மறுபடி பந்தோடு வந்தார். பார்வையாளர் வரிசையிலிருந்து மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். பூட்டு அந்தப் பக்கமே திரும்பவில்லை. இரண்டு விரல் போதாதென்று இரண்டு கையாலும் ஒரே இழு. சட்டை தையலோடு கிழிந்து கையில் வந்தது. சிட்டு குப்புற விழுந்தார். நடுவர் சிவப்பு அட்டையை நீட்டினார், பூட்டு வாழ்க்கையிலேயே வாங்கிய முதல் சிவப்பு அட்டை. மனைவி முகத்தை மூடிக்கொண்டாள்.

பாதி வெற்றுடம்போடு புல்லில் கிடந்த சிட்டுவுக்கு வாயெல்லாம் பல்.

"சம்பந்தி," என்றார், முதல்முறையாக. "தேதி குறிக்க எப்ப வர்றீங்க?"