வெங்காயத்துக்கு விட்ட காற்று

பெரியவள் குடத்துத் தண்ணீரை அடுப்பில் கவிழ்த்தபோது மணி பத்துகூட ஆகியிருக்கவில்லை. அடுப்பின் மேல் வயலாட்கள் பதினெட்டுப் பேருக்கான சோறு பாதி வெந்தும் வேகாமலும் கிடந்தது. இரண்டு வாய் விறகடுப்பு உஸ்ஸென்று சீறியது. சாம்பலும் ஆவியும் ஒன்றாக எழுந்து அவள் முகத்தில் அறைந்தன. இருமினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இரண்டாவது குடத்தையும் எடுத்து ஊற்றினாள். ஒரு கங்குகூட மிச்சமில்லை என்று கரண்டிக் காம்பால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

சின்னவள் சுவரோரம் காலை நீட்டிச் சரிந்து கிடந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி. கல்யாணமாகி ஒரு வருஷம், வயிற்றில் ஐந்து மாதம். பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் "அக்கா, கண்ணு இருட்டுது" என்றாள். பெரியவள் திரும்புவதற்குள் அருவாமனையின் மேல் விழாமல் இந்தப் பக்கம் சாய்ந்தாள். அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பெரியவள் நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்க வேண்டியதெல்லாம் நாலு வருஷத்துக்கு முன்பே நினைத்து முடித்திருந்தாள்.

அந்தச் சமையலறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தகரக் கூரை, எட்டுக்குப் பத்து, ஒரே வாசல். ஒரு காலத்தில் அடுப்புக்கு நேர் மேலே அகலமாக ஒரு சன்னல் இருந்தது. மாமியார் இருந்தவரை அதை யாரும் தொட முடியவில்லை. அவள் செத்த வருஷமே மாமனார் அந்தச் சுவரை ஒட்டி வெங்காயக் கொட்டகை கட்டினார். சன்னல் கொட்டகைக்குள் திறக்கிறதே, புகை போனால் வெங்காயம் என்னத்துக்கு ஆகும்? கொத்தனார் ஒரே மதியத்தில் செங்கல் வைத்து அடைத்துவிட்டுப் போனார். வண்டியில் வெங்காயம் காத்திருந்ததால் அவசரம். பூச்சுகூடச் சரியாக ஒட்டவில்லை, இன்றைக்கும் சன்னலின் நாலு மூலையும் சுவரில் கோடாகத் தெரியும்.

கொட்டகையோ ராஜா வீடு. இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு அடித்த பலகைகள், தரையிலிருந்து ஓரடி தூக்கிய தளம், வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு காற்றாடி, ஆணியில் ஒரு தெர்மாமீட்டர். மாமனார் ஒரு நாளைக்கு நாலு தடவை உள்ளே போய் அதைப் பார்ப்பார். முப்பத்திரண்டைத் தாண்டினால் காற்றாடியின் வேகத்தைக் கூட்டுவார். "வெங்காயத்துக்கு மூச்சு முட்டக் கூடாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். மோசமான மனிதர் இல்லை. யார் மேலும் கை நீட்டியதில்லை, குடிப்பதில்லை. சுவருக்கு இந்தப் பக்கமும் மூச்சு விடுகிற ஜென்மங்கள் இருப்பது மட்டும் அவர் ஞாபகத்துக்கு வருவதில்லை.

கொட்டகைக்கு ஒரு சட்டம் உண்டு. பெண்கள் உள்ளே போகக் கூடாது. சாமி குற்றம் ஒன்றுமில்லை, ஈரக் கை, ஈரக் கால் என்ற பயம்தான். பெண்கள் முற்றத்து மரத்தடியில் உட்கார்ந்து வெங்காயத் தாளைக் கிள்ளித் தரம் பிரிப்பார்கள், ஆண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே கொட்டுவார்கள். அஞ்சு வருஷமாக அப்படித்தான்.

பெரியவள் சின்னவளின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். சுற்றிக்கொண்டு போய்க் கொட்டகைக் கதவை முழங்காலால் தள்ளித் திறந்தாள். அந்த வீட்டிலேயே காற்று இருக்கும் ஒரே இடம் அதுதான். காற்றாடிக்கு நேரே சாக்குகளை விரித்துப் படுக்க வைத்தாள். ஈரத் துணியால் முகத்தையும் பாதத்தையும் துடைத்தாள். தண்ணீர் சொட்டு சொட்டாகத் தளத்தில் விழுந்தது. விழட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"அக்கா, மாமா பாத்தா..."

"பாக்கட்டும். நீ மூச்ச இழுத்து விடு. உள்ள அசையுதா?"

சின்னவள் வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தாள். பெரியவளும் காத்திருந்தாள். காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு சின்னவளின் முகம் மாறியது.

"உதைக்குதுக்கா."

பெரியவளுக்கு அழுகை வந்தது. அதை மறைக்க எழுந்து நின்று கொட்டகையைச் சுற்றிப் பார்ப்பதுபோல் நடந்தாள். அப்போதுதான் அந்த வாடை மூக்கில் ஏறியது. சமையலறைச் சுவரை ஒட்டிக் கொட்டியிருந்த வரிசையிலிருந்து வந்தது. ஒரு வெங்காயத்தை எடுத்து அழுத்தினாள். பொதக்கென்று உள்ளே போனது. அடுத்ததும் அப்படித்தான். எதிர்ப்பக்கத்து வரிசை கல்லு மாதிரி இருந்தது. குனிந்து சுவரைத் தொட்டவள் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். அடி முதல் இடுப்பு உயரம் வரை சுட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய அடுப்பு.

ஒவ்வொரு கோடையும் ஒரு வரிசை அழுகும். மாமனார் விதையை மாற்றிப் பார்த்தார், உரக்கடைக்காரனோடு சண்டை போட்டார், கடைசியில் பழியை முற்றத்துப் பெண்கள் தலையில் போட்டார். ஈர வெங்காயத்தைப் பார்க்காமல் அனுப்புகிறீர்கள், பேச்சு மும்முரத்தில் கண்ணு எங்கே இருக்கு என்று அஞ்சு வருஷம் திட்டு வாங்கியிருக்கிறார்கள். அடுப்பைத் தெரிந்தவர்கள் கொட்டகைக்குள் போனதில்லை. கொட்டகைக்குள் போனவர்கள் அடுப்பருகே நின்றதில்லை. சூடு பாட்டுக்குச் சுவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

பெரியவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அழுகியதையெல்லாம் பொறுக்கி ஒரு கூடையில் போட்டாள். கூடையைச் சமையலறை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து ஆணியிலிருந்த தெர்மாமீட்டரைக் கழற்றினாள். அதைக் கொண்டுபோய்ச் சமையலறையில் உப்பு ஜாடிக்கு மேலே மாட்டினாள்.

சாப்பாடு எடுக்க வண்டியோடு வந்த கணவன் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினான். வாசனை ஒன்றும் வரவில்லை. அந்த வீட்டு வயலில் இறங்கினால் மதியம் சுடச்சுடச் சாப்பாடு என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். அந்தப் பெயர் மாமனாருக்கு உயிர்.

"இன்னும் ஆகலையா?"

"ஆகாது. இன்னிக்கு அடுப்பு எரியாது."

அவள் நீட்டிய கூடைகளை அவன் பார்த்தான். அரிந்த வெள்ளரி, தக்காளி, பச்சை வெங்காயம், ஒரு அண்டா தயிர், கடையில் வாங்கிய ரொட்டி. அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அப்பா என்ன சொல்வாரோ."

"அவர் சொல்றத அவர் சொல்லட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

அவன் தயிர் அண்டாவைத் தூக்கி வண்டியில் வைத்தான். அதைச் சிந்தாமல் வைத்தான் என்பதை மட்டும் பெரியவள் கவனித்துக்கொண்டாள்.

வயலில் ஒரு ரகளையும் நடக்கவில்லை. ஆட்கள் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு, தயிரைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்துவிட்டு, வெயிலுக்கு இதுதான்பா சாப்பாடு என்றார்களாம். மாமனார் மட்டும் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தார்.

வந்தவர் வழக்கப்படி முதலில் கொட்டகைக்குத்தான் போனார். ஆணி மொட்டையாக இருந்தது. கீழே சாக்கில் சின்ன மருமகள் படுத்திருந்தாள். கூச்சப்பட்டுப் பின்வாங்கி வெளியே வந்தார்.

"தெர்மாமீட்டர யாரு எடுத்தது?"

"இங்க இருக்கு மாமா. உள்ள வந்து பாருங்க."

கோடை மதியத்தில் அவர் அந்த அறைக்குள் கால் வைத்து எத்தனை வருஷமோ. நிலைப்படியில் தயங்கி, குனிந்து நுழைந்தார். நாலு அடி நடப்பதற்குள் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்துவிட்டது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஜாடிக்கு மேலே பார்த்தார்.

"நாப்பத்தாறு" என்றாள் பெரியவள். "அடுப்ப அணைச்சு மூணு மணி நேரம் ஆச்சு. எரியறப்ப எவ்வளவுன்னு தெரியல. அதுக்கு மேல அந்தக் குழாய்ல கோடு இருக்கோ என்னவோ."

அவர் கிட்டே போய்க் குழாயை விரலால் தட்டிப் பார்த்தார். அப்புறம் அவர் பார்வை வாசலோரத்துக் கூடையில் விழுந்தது. அவ்வளவுதான், நாற்பத்தாறு எங்கோ போய்விட்டது.

"ஐயையோ, எந்த வரிசை?"

"சுவத்தோரம். தொட்டுப் பாருங்க, இன்னும் ஆறல."

அவர் அடுப்புக்குப் பின்னால் கை வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை. விரல்களை விரித்து, மாட்டின் விலாவைத் தடவுவதுபோல் சுவரைத் தடவிக்கொண்டே போனார். அஞ்சு வருஷத்து விதைகளும் உரங்களும் சண்டைகளும் அவர் மண்டையில் ஓடுவது தெரிந்தது.

"முதல்லயே சொல்லியிருக்கலாம்லம்மா?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை.

"நாங்கதான் உள்ள போகக் கூடாதே மாமா."

அவர் யோசித்தார். நிதானமாக, வயலில் தண்ணீர் மடை மாற்ற யோசிக்கிற மாதிரி. பிறகு முகம் தெளிந்தது.

"சரி, ஒண்ணும் கெட்டுப் போகல. வரிசைய ரெண்டடி தள்ளிக் கொட்டிட்டாப் போச்சு."

மேலே தகரம் வெயிலில் டக் டக்கென்று தெறித்துக்கொண்டிருந்தது.

"வெங்காயம் ரெண்டடி தள்ளிப் போயிடும்" என்றாள் பெரியவள். "நாங்க எங்க போறது?"

"உங்களையும் விட்டுடுவேனா? அறுவடை முடியட்டும். கொத்தனாரக் கூப்பிட்டு ஏதாவது பண்ணுவோம்."

"மோட்டார் ரூம்ல அடுப்பு போட்டுத் தாங்கன்னு கேட்டேன். உர மூட்டை இருக்குன்னீங்க. மரத்தடியில போடறேன்னேன். வீட்டு அடுப்பு தெருவுல எரிஞ்சா ஊரு சிரிக்கும்னீங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி, எனக்கு அஞ்சு மாசம். இதே இடத்துல தலை சுத்துதுன்னு சொன்னேன். அப்பவும் அறுவடை முடியட்டும்னுதான் சொன்னீங்க. முடிஞ்சுது. அதுக்குள்ள எனக்கும் எல்லாம் முடிஞ்சுது."

அவர் கையைச் சுவரிலிருந்து எடுத்தார்.

அந்தக் கோடையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. உடம்பு சூடு, அடுத்தது தங்கும் என்று டாக்டரம்மா சொன்னாள். அடுத்தது வரவே இல்லை. உடம்பு சூடாம். உடம்புக்கு எங்கிருந்து வந்தது அந்தச் சூடு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தன் மேலேயே ஆறாத கோபம்.

கதவுக்குப் பின்னால் கடப்பாரை சாய்ந்திருந்தது. அவள் அதை எடுத்தாள்.

"ஏம்மா, என்ன பண்ற?"

"சன்னலத் தொறக்கறேன்."

"பைத்தியமா? ஆவியும் புகையும் அந்தப் பக்கம் போச்சுன்னா ஒரு வரிசை இல்ல, மொத்தமும் நாசமாயிடும். ஒரு வருஷத்து உழைப்பு!"

"தெரியும். அதனாலதான் தொறக்கறேன். இது அடைஞ்சிருக்கற வரைக்கும் இங்க அடுப்பு எரியறது உங்களுக்கு ஒரு விஷயமே இல்ல. தொறந்துட்டா, இங்க அடுப்பு பத்தாமப் பாத்துக்கறது உங்க வேலை. ராத்திரி பகலா நீங்களே காவல் இருப்பீங்க. எங்க வச்சுச் சமைக்கறதுன்னு இனி நீங்க யோசிங்க மாமா. அஞ்சு வருஷமா நான் யோசிச்சேன்."

அவர் முன்னால் வந்து நிற்கவில்லை. நின்றிருந்தால் அவளும் தள்ளியிருக்க மாட்டாள், ஆனால் கடப்பாரையைக் கீழேயும் வைத்திருக்க மாட்டாள். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கணவன் காலி அண்டாவோடு நிலைப்படிக்கு வந்தான், அப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மேல விழும்" என்றான். கல்யாணமான ஏழு வருஷத்தில் அவன் அப்பாவிடம் சொன்ன நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

"இந்தாம்மா, சுவத்து ஓரமா இருந்தா நகந்துக்கோ!" என்று பெரியவள் சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

"நகந்துட்டேன்கா!" என்று சுவர் பதில் சொன்னது.

ஈரச் சாம்பல் மேட்டில் ஒரு காலை ஊன்றி, சன்னலின் மேல் மூலையில் ஓங்கிக் குத்தினாள். பூச்சு பொல பொலவென்று உதிர்ந்தது. இரண்டாவது குத்தில் கடப்பாரை செங்கல் இடுக்கில் இறங்கியது. நெம்பினாள். மணிக்கட்டு வலித்தது. மறுபடி நெம்பினாள். ஒரு செங்கல் பின்பக்கமாகச் சரிந்து மறைந்து, தொம்மென்று அந்தப் பக்கம் விழுந்தது.

ஒரு செங்கல் அளவு ஓட்டை. அதன் வழியாகக் காற்று வந்தது. வேகமாக, வெங்காய வாடையோடு, அவள் கழுத்து வேர்வையில் நேரே வந்து பட்டது. காற்றோடு சருகும் வந்தது. மெல்லிய சிவப்புத் தோல்கள் ஒன்றிரண்டாக, பிறகு கும்பலாக உள்ளே பறந்து வந்து கூரை வரை ஏறிச் சுழன்றன. அணைந்த அடுப்பின் மேல் விழுந்தன, பாதி வெந்த சோற்றின் மேல் விழுந்தன, மாமனாரின் துண்டின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு படபடத்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. பழக்கதோஷம், அவர் கண் தெர்மாமீட்டரில் இருந்தது.

பெரியவள் மூச்சு வாங்கக் கடப்பாரையை ஊன்றி நின்றாள். அடுத்த செங்கல்லை எங்கே குத்தலாம் என்று பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது லேசாக ஆடியது. சுண்ணாம்புத் தூள் கொட்டியது. ஓட்டையின் விளிம்பில், அந்தப் பக்கத்திலிருந்து, வளையல் போட்ட கை ஒன்று செங்கல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.