தோசைச் சத்தத்துக்கு அடியில்

சவுதியில் வேலை பார்த்த கணவன் ஆசாத்துக்கு அனுப்ப, மாஹிரா கேசட்டில் பேசினாள். நலம் விசாரித்ததோடு பேச்சு தீர்ந்துவிட்டது. மீதி டேப்பில், உத்திரமேரூரில் ஒரு நாள் எப்படிக் கேட்கும் என்று பிடித்து அனுப்பினால் என்ன?

காலையில் தோசைக்கல் பக்கத்தில் டேப்ரெக்கார்டரை வைத்தாள். அப்புறம் ஜன்னலில் வைத்து சாலவாக்கம் பஸ்ஸின் ஹாரனைப் பிடித்தாள். மத்தியானம் தகரக் கொட்டகைமேல் மழை கொட்டியது, அதையும் விடவில்லை.

சாயங்காலம் போட்டுக் கேட்டபோது, தோசைச் சத்தத்துக்கு அடியில் வண்டு பறப்பதுபோல ஏதோ கேட்டது. மாவு ஊற்றும்போது எழுந்தது, திருப்பும்போது நின்றது. எதிர்வீட்டு சசிரேகாவைக் கூப்பிட்டாள்.

"இது இன்னா சத்தம் சசி?"

"இன்னாக்கா இப்டி கேக்கற? நீ பாடிக்கினு கீற. தெனமும் எங்க வூடு வரைக்கும் கேக்குதே!"

"நானா?"

மாஹிரா அடுப்பைப் பற்றவைத்து, வேண்டுமென்றே பாடிப் பார்த்தாள். அந்த ராகம் வரவேயில்லை. டேப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, யாரோ ஒருத்தியின் பாட்டைக் கேட்பதுபோல ரசித்தாள்.

மறுநாள் தபாலில் சேர்க்கும் முன், கேசட்டின் கடைசியில் சிரித்துக்கொண்டே பேசினாள்:

"தோசைச் சத்தத்துக்குள்ள ஒரு பாட்டு கேக்கும். யாருன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்."